எலுமிச்சம்பழம் நிற்காத மேஜை

அந்த விஜயதசமிக்குப் பிறகு ஒரு மாதம் நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. அப்பாவை ஊர்முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அப்பா தச்சர். அடுத்தவர் பட்டறையில் உழைத்தது போதுமென்று, இரண்டாயிரமாவது வருஷம் குமுளியிலிருந்து பழைய மரம் அறுக்கும் மிஷின் ஒன்றை வாங்கி, சின்னமனூருக்கு லாரியில் ஏற்றி வந்தார். இரும்பு மேஜை, நடுவில் வட்ட ரம்பம். வீட்டுக்குப் பின்னால், மாடுகளை விற்றபின் சும்மா கிடந்த கொட்டத்தில் இறக்கி வைத்தார்கள்.

விஜயதசமி காலையில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். கம்பத்திலிருந்து அம்மாவின் அப்பாவும் வந்திருந்தார். மர மில்லில் வேலை பார்த்தவர். வலது கையில் மூன்றே விரல். மீதி எங்கே என்று கேட்டால், "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு ஆத்தா" என்பார்.

மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, மேஜைமேல் எலுமிச்சம்பழத்தை வைத்தார் அப்பா. அது ஒரு மூலைக்கு உருண்டு கீழே விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது.

அம்மா மேஜையைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். ஒரு கால் தரையில் படாமல் ஆடியது.

"பழமே நிக்க மாட்டேங்குது, கட்டை எங்கிட்டுங்க நிக்கும்? மட்டம் பாத்துட்டு ஓட்டுங்க."

"நல்ல நேரம் போகுதுடி. ஒரே ஒரு கட்டைதான்."

"அதான, சாமி காரியத்துல குறுக்க நிக்காத மதினி" என்றாள் அத்தை.

அம்மா உள்ளே போய், மெயின் போர்டிலிருந்து மிஷினுக்குக் கரண்டு போகும் பீஸ் கட்டையைப் பிடுங்கி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். அப்பா முகம் கருத்துப்போனது. தாத்தா மட்டும் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பட்டம் ஒட்ட ஊறவைத்திருந்த முருங்கைப் பிசினைப் பழத்தின் அடியில் அப்பி, மேஜைமேல் வைத்தேன்.

"அப்பா, நிக்குது பாருங்க!"

அப்பா சிரித்துவிட்டார். அத்தை குலவையே போட்டுவிட்டாள். அம்மா ஒற்றை விரலால் பழத்தைத் தட்டினாள். அசையவில்லை. பிய்த்தெடுத்து, பிசினைத் துடைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அது பழைய மூலைக்கே ஓடி விழுந்தது.

சுண்டலைத் தின்றுவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். மத்தியானம் அப்பா வேண்டாவெறுப்பாக, குமிழி ஓடும் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். மாட்டு மூத்திரம் வழிந்தோட வாட்டம் விட்டு அந்தத் தரையைப் போட்டதே அவர்தான்!

தரையைக் கொத்தி, புதுசாகக் கான்கிரீட் போட்டு, கால்களுக்கு அடியில் தகரம் செருகி, குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை. சிமெண்ட் இறுகிய பிறகுதான் பீஸ் கட்டை முந்தானையை விட்டு வந்தது.

இன்றைக்கு அப்பா என் மகனுக்குப் பத்து விரலையும் விரித்துக் காட்டி எண்ணச் சொல்லிக்கொடுக்கிறார். பார்க்கும்போதெல்லாம் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த விஜயதசமி சாயங்காலம் தாத்தா ஊருக்குக் கிளம்பியபோது, அம்மா அவருடைய வலது கையைப் பிடித்து, விரல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். நான் கையில் கல்லோடு, புளியமரத்தில் காக்காயைத் தேடிக்கொண்டிருந்தேன்.