நடக்க முடியுதுல்ல?

இன்று கொட்டகலை பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா ஏறினார்.

"ஒம் புருசனுக்கு ஆபரேசன் ஒத்துக்கல, பாவம்" என்றார்.

இடுப்பு ஆபரேசனுக்கு முன்னாலேயே காலைத் தூக்கி இறக்கிப் பழகணும், கம்பு ஊன்றி நடக்கணும், அப்போதுதான் பிறகு சீக்கிரம் எழும்பலாம் என்று கண்டி டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் லயத்து வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் நடந்ததைப் பார்த்து, "நடக்க முடியுதுல்ல? நாளைக்குப் பெரட்டுல நில்லு!" என்று கத்தியது இதே ஐயாதான். காலைப் பெரட்டில் ஆள் எண்ணி வேலைக்கு இழுத்துவிடுவார்கள் என்று பயந்தவர் படுத்தே கிடந்தார். ஆபரேசனுக்குப் பிறகு எழும்பாமலே போய்ச் சேர்ந்தார்.

"ஆபரேசன் ஒத்துக்கிச்சுங்க ஐயா. ஒங்க பெரட்டுதான் ஒத்துக்கல" என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அடுத்த வளைவிலேயே இறங்கிவிட்டார். அவர் வீட்டுக்கு இன்னும் இரண்டு கட்டை தூரம் இருக்கிறது, மழை வேறு.

போகட்டும். நடக்க முடியுதுல்ல?