மச்சானின் நீட்டு லென்ஸ்

கடையில் நின்றவர்கள்: மச்சான். அக்கா. அக்காவின் மகள். நான். மேசைக்கு அந்தப் பக்கம் கடைக்காரக் கிழவர். நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தில், கபோச் சந்தைக்குப் பின்னால் பழைய கமரா விற்கும் சின்னக் கடை. ஐந்து பேர் நின்றால் மூச்சு முட்டும். மச்சான் அதற்குள்ளும் நடந்துகொண்டிருந்தான்.

மச்சான் என்றால் அத்தானின் தம்பி. கால்சாப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். எப்படியோ ஒரு கமரா வாங்கிவிட்டான், லென்ஸ் இல்லை. படம் பிடிக்கிற வேலைக்கு மாறவேண்டும் என்று எந்த நேரமும் அதே கதை. அவன் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. சோற்றுக் கோப்பையோடு யன்னலுக்கும் கதவுக்கும் நடப்பான்.

அந்த நேரம் அக்காவின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. அத்தானுக்கு விசா சரிவரவில்லை, வன்னியிலேயே நின்றார். அக்காவும் பிள்ளையும் வெளிநாட்டில் ஆளில்லாமல் கிடக்கிறார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். அது அவரை அரித்துக்கொண்டிருந்தது. தம்பியிடம் தொலைபேசியில் ஒன்றுதான் சொன்னார். "தனித்தனியா எடுக்காதை. எல்லாரையும் ஒண்டா நிக்கவைச்சு ஒரு படம் எடு. இஞ்சை நான் ஆக்களுக்குக் காட்டவேணும்." மச்சான் ஓம் என்றான்.

கிழவர் இரண்டு லென்ஸ் எடுத்து வைத்தார். ஒன்று கட்டை, தேத்தண்ணிக் கோப்பை அளவு. மற்றது முழங்கை நீளம். எங்கே எடுக்கப்போகிறாய் என்று கேட்டார். வீட்டுக்குள் என்றால் கட்டையானது, அது அறை முழுவதையும் பிடிக்கும். நீளமானது தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும், ஆனால் நீ நன்றாகப் பின்னால் போகவேண்டும் என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னாள். மச்சான் காதில் வாங்கவில்லை. எங்கள் கொண்டாட்டங்களில் நீட்டு லென்ஸ் வைத்திருப்பவன்தான் கமராக்காரன். கட்டை லென்ஸ்காரனிடம் லைற்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார்கள்.

"உதைத் தோளிலை வைச்சுக்கொண்டு ஊருக்குப் போய்ப் பாரன், துவக்கெண்டு ஆமி சுடும்," என்றாள் அக்கா.

மச்சான் நீட்டு லென்ஸைத்தான் வாங்கினான்.

அக்காவின் வீடு பிரான்காச்சோப் பகுதியில், மூன்றாம் மாடி, ஓர் அறையும் குசினியும். கட்டிலைக் கழற்றி மாடிப்படியில் சாத்திவிட்டு எல்லாரையும் நிறுத்தினோம். மச்சான் கமராவைத் தூக்கினான். பிள்ளையின் நெற்றிச்சுட்டியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. பின்னால் போனான், சுவர் இடித்தது. குசினிக்குள் போனான். கதவுக்கு வெளியே போய்ப் படியில் நின்றான். மூன்று பேருக்கு மேல் பிடிபடவில்லை. "இன்னும் பின்னாலை போ மச்சான், கடல் வந்தால் சொல்லுறம்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. போனில் எடுப்போமே என்று ஒருவர் தொடங்கினார். மச்சான் பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. சிலர் வேலைக்குப் போக நேரம் பார்த்தார்கள். பார்த்தால் மச்சானைக் காணவில்லை. வெட்கத்தில் ஓடிவிட்டான் என்றே நினைத்தேன்.

என் போன் அடித்தது. "எல்லாரையும் பல்கனிக்குக் கொண்டு வா," என்றான்.

எதிர்க் கட்டடத்தில் நின்றான். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரச் சிஞ்ஞோராவின் கதவைத் தட்டி, அவளுடைய பல்கனிக்குப் போயிருக்கிறான். அவளும் பக்கத்தில் நின்று, நெருங்கி நில்லுங்கள் என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். சீலை கட்டிய பிள்ளையை நடுவில் விட்டு, கம்பியோடு நெரிந்து நின்றோம். சத்தம் கேட்டு மேல்வீட்டு வெள்ளைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் தங்கள் பல்கனிகளுக்கு வந்தார்கள். என்ன ஏதென்று தெரியாமலே கை அசைத்தார்கள். அவர்களும் படத்தில் விழுந்தார்கள். அந்த லென்ஸில் பல்கனிகள் எல்லாம் ஒரே வீட்டினது போல நெருங்கி வந்தன. மங்கல் வெளிச்சத்தில் முகநிறம் பிரியவில்லை.

மச்சான் இப்போது லண்டனில். கலியாண வீடுகளில் படம் பிடிக்கிறான், கட்டை லென்ஸும் வைத்திருக்கிறான் என்று கேள்வி. அத்தான் இன்னும் வன்னியில்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

படம் கிடைத்த அன்று அத்தான் போன் எடுத்தார். அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். மச்சான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அத்தான் படத்தில் நின்றவர்களை வாய்க்குள் எண்ணுவது கேட்டது. படத்தில் நின்ற எங்கள் ஆட்கள் பதினான்கு பேர்தான்.

"இவ்வளவு பேரும் எங்கட ஆக்களோ?" என்று கேட்டார்.

அக்கா எங்களைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

அத்தான் தொகையைச் சொன்னார்.

இருபத்தொன்று.