காரில் கேட்ட மேரியின் குரல்

பள்ளிக்கூடம் அதிகம் போகாத நான் விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் சூளை வைத்தேன், மாடி வீடு கட்டினேன், பழைய அம்பாசடர் வாங்கினேன். அதில் ரேடியோ, ஃபேன், செல்போன் சார்ஜர், மாதா படத்தைச் சுற்றி மினுக்கும் சீரியல் விளக்கு எல்லாம் என் கையாலேயே மாட்டியவை.

என் மனைவி மேரி பீங்கான் பொம்மை செய்வதைப் பற்றி ரேடியோவில் பேசியிருந்தாள். அது ஒலிபரப்பாகும் நேரத்தில் நல்லூர்க் கல்யாணத்திலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மறு ஒலிபரப்பு கிடையாது. ரேடியோவைப் போட்டால் ஒரே கரகரப்பு.

“ஸ்டேஷன் சரியில்ல” என்றேன்.

“ஸ்டேஷன் நல்லாதான் இருக்குது. காரா இது, தேர்த் திருவிழாவா? ஒண்ணொண்ணா நிறுத்திப் பாருங்க.”

ஃபேனை நிறுத்தினேன், இரைச்சல் குறைந்தது. சார்ஜரைப் பிடுங்கினேன்; இன்னும் குறைந்தது. மாதா விளக்கில் கை தயங்கியது.

“மாதாவும் கேக்கட்டும், அணைங்க” என்றாள்.

அணைத்தேன். பக்கத்தில் இருந்தவளின் குரல் ரேடியோவில் கணீரென்று வந்தது. மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூளையில் முதல் தீ மூட்டிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை.

அவள் பேச்சை ஊரே பாராட்டுகிறது, பாராட்டட்டும். அன்று காரில் அதைக் கேட்க வைத்தது நான்தான் என்பதையும் மேரி எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும்.