நம்மூருக்கான டியூப்

இன்று மெயின் ரோட்டு ஃபேன்சி ஸ்டோரில் எங்கள் கிரீமைப் பார்த்தேன். நானும் கல்லூரித் தோழி செல்வியும் கோவில்பட்டியில் தயாரித்து ஜெர்மனிக்கு அனுப்பும், ரோமம் நீக்கும் கிரீம். உள்ளூரிலும் கொஞ்சம் விற்கிறோம். கலவை அவள் பொறுப்பு. டியூபில் இருக்கும் 'மென்மையானது, இயற்கையானது' என்ற வரி நான் எழுதியது.

பெருமையாக இருந்தது. ஒன்று வாங்கினேன்.

வீட்டில் கையில் தடவியதுமே எரிந்தது. கழுவிய பிறகும் மிளகாய் அரைத்த கை போலக் காந்தியது.

செல்விக்குப் போன் செய்தேன்.

"கடையில வாங்குனதா? கூறுகெட்டவளே, அது நம்மூருக்குன்னு தனியாப் போடுதது. அதப் போயி நீ எதுக்குட்டி தடவுன? கேட்டா நல்லதுல ஒண்ணு தந்திருப்பேன்லா."

"ரெண்டும் வேற வேறயா?"

"அங்க அவிய டெஸ்ட் பண்ணிப் பாப்பாவ. இங்கன யாரு பாக்கா?"

அவள் குரலில் குற்றவுணர்வே இல்லை. என் கைமேல் உண்மையான அக்கறை இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு டியூபிலும் என் வரி, ஓர் எழுத்துகூட மாறாமல்.

நம்மூர்க் கடைகளில் அந்த வரியை நம்பி வாங்கியவர்கள் டியூபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு வந்து என்னைத் திட்டுங்கள்.

இந்தப் பதிவுக்கும் முதல் லைக் செல்வியுடையதாகத்தான் இருக்கும். அவள் என் பதிவுகளைப் படிப்பதில்லை.