ஊசியக்காவின் மூன்று பூட்டுகள்

மின்சார சைக்கிளுக்கு ஒரு பூட்டு போதும். ஊசியக்கா மூன்று போட்டாள். வீட்டுக் கதவுக்கும் வெளியிலிருந்து மூன்று. பிஸ்கட் ஆலையில் இரவு வேலை முடித்து வந்து பகலெல்லாம் தூங்கும் கணவனையும் உள்ளே வைத்துத்தான் பூட்டுவாள். "நான் என்ன பீரோவா?" என்று கேட்டுக் கேட்டு அவனுக்கும் அலுத்துவிட்டது. யாராவது கதவைத் தட்டினால் துளை வழியாகப் பார்த்துவிட்டு, ஆளே இல்லாத மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படியொரு பிறவி.

வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடுவது அவள் வேலை. விடிந்தால் பதினோரு பேர் சாப்பாட்டைத் தொடாமல் காத்திருப்பார்கள்.

அவள் குடியிருந்த கட்டடத்தில் விதிகள் கறார். பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது. கீழ்த்தளத்து அறையில், பகலில் மட்டும், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும் போட வேண்டும். அவள் மதியம் செருகிவிட்டு மாலை ஆறு மணிக்கு வந்து எடுப்பாள். இரண்டு வாரமாக, எப்போது எடுத்தாலும் பாதிதான் ஏறியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஏழாவது வீட்டுக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டுப் பெரியவர் பசியில் தலைசுற்றிப் படுத்துவிட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

யாரோ கை வைக்கிறார்கள். முதல் சந்தேகம், அதே கட்டடத்தில் குடியிருந்த, அதே மாதிரி வண்டி வைத்திருந்த பார்சல்காரன் மேல். பேட்டரியை மாற்றிவிடுகிறானோ என்று அடியில் நகப்பூச்சால் புள்ளி வைத்தாள். புள்ளி அப்படியே இருந்தது. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று அவன் கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடியது.

அப்புறம் பேட்டரிமேல் சீட்டுகள். கையெழுத்தில்லாமல் மூன்று, மூன்றிலும் ஒரே வரி: 'வண்டியோட வந்த சார்ஜரைக் கொண்டு வாங்க.' புதுச் சார்ஜரையும் அடிக்கப் பார்க்கிறான், யாரிடம் காது குத்துகிறான்! இரண்டு வாரத்துக்கு முன்னால் அறையில் யாருடைய ஹெல்மெட்டோ காணாமல் போன அன்றே அவள் புதுச் சார்ஜரைப் பீரோவில் துணிக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கீழே கிடந்தது, எப்போதோ விற்றுத் தீர்த்த பழைய வண்டியின் சார்ஜர். முனை பொருந்தியது, போனாலும் கவலையில்லை என்று அதையே செருகிக்கொண்டிருந்தாள். சீட்டுகளைக் கிழித்துப் போட்டாள்.

புதன்கிழமை மதியம், பேட்டரியைச் செருகிவிட்டு, அறை மூலையில் உறை போட்ட வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கால் மரத்துப்போன நேரத்தில் கதவு திறந்தது. வாட்ச்மேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப் போலப் புறங்கையை அடிக்கடி அதன்மேல் வைத்துப் பார்த்தார். அரை மணி கழித்து பிளக்கைப் பிடுங்கினார்.

"கையும் களவுமா மாட்டினீங்களா!" என்று ஊசியக்கா பாய்ந்து வந்தாள்.

"வாங்கம்மா, தொட்டுப் பாருங்க."

தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பேட்டரியின் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"இது வேற வண்டி சார்ஜர். வோல்ட்டே வேற, விட்டா தீப்பிடிச்சிரும். சீட்டு எழுதி வச்சேன். நேர்ல சொல்லலாம்னு நாலு தடவ கதவத் தட்டினேன். நீங்க திறக்கவே இல்ல."

"முதல் நாளே பிடுங்கிப் போட்டிருக்கலாம்ல அண்ணே?"

"காலையில ஊசிக்குக் காத்திருப்பாங்களேன்னு பார்த்தேன். அதான் தினமும் சூடு ஏறுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்து, அப்புறம் பிடுங்கினேன். அது என் தப்புதான். இன்னையோட இது வேணாம். பார்சல்காரத் தம்பிகிட்ட பேசிட்டேன். நாளைக்கு அவனுக்கு லீவாம், அவன் பேட்டரிய எடுத்துக்கச் சொன்னான்." பேட்டரியை வெளி முற்றத்துக்கு எடுத்துப்போக மணல் வாளியை இழுத்தவர், மேலே பார்த்தார். "இந்த அறைக்கு மேல உங்க வீடுதானம்மா?"

அவள் வீடுதான். கட்டில் நேர் மேலே. கதவில் மூன்று பூட்டுகள், சாவிகள் அவள் இடுப்பில்.

அவள் படியேறி ஓடினாள். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவதற்குச் சாவி மாறிப்போனது. மூன்றாவதில் சாவி கீழே விழுந்தது. இரண்டு வாரம், தினமும் மதியம், இப்படித்தான் கணவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். "என்ன, திருடன் கிடைச்சானா?"

அவள் மூன்று சாவிகளையும் அவன் தலையணைமேல் வைத்துவிட்டு, அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.