பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாடு

அம்மணி பிடித்தால் விடமாட்டாள். நண்டுகூடக் கொஞ்ச நேரத்தில் விரலை விட்டுவிடும், இவள் விடமாட்டாள் என்று அவள் புருஷன் பால்ராஜே ஊரெல்லாம் சொல்லித் திரிவான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து எறால் கூடையைச் சுமந்து பஸ் ஏறி, திருப்பாலைவனம் வரைக்கும் தெருத்தெருவாக விற்று வருகிறவள் அவள். ஐந்தாவதோடு படிப்பு போச்சு. ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. கூட்டத்துக்கு ஒழுங்காக வந்த ஒரே ஆள் அவள்தானே!

போன வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நஸ்ரியா டீச்சர் வந்தாள். பழவேற்காடு டவுனில் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண். கலை வரலாறு என்று புதுசாக ஒரு பாடம் எடுத்தாள். சென்னையில் ஒரு டிரஸ்ட் ஒரு வருஷத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. ராஜா கட்டின கோயில் மட்டுமில்லை; நிழல் பார்த்து நேரம் சொல்கிற மசூதிக் கல், டச்சுக்காரன் கல்லறையில் செதுக்கின எலும்புக்கூடு, டவுன் பெண்கள் முடைகிற ஓலைப்பெட்டி, படகு முகப்பில் வரைகிற மீன் எல்லாமே அந்தப் பாடத்தில் இருந்தது.

ஒருநாள் கூட்டத்துக்கு வந்த அம்மணி, வகுப்பு வாசலிலேயே கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே சுவரில், கோயில் சிலைக்குப் பக்கத்தில், அவள் நைனா படகில் வரைவாரே, அதே மாதிரி மீன். சின்ன வயசில் அதை நோட்டில் வரைந்துவிட்டு, “இதெல்லாம் ஒரு படமா?” என்று வாத்தியாரிடம் திட்டு வாங்கினவள் அவள். அதற்கப்புறம் பாதி நாள் அந்த வாசலில்தான் இருந்தாள்.

இந்த வருஷம் டிரஸ்ட் கையை விரித்துவிட்டது. ஜூனுக்குள் பணம் வராவிட்டால் பாடமும் இல்லை, டீச்சரும் இல்லை.

“சீட்டு போடற அன்னிக்கி பள்ளிக்கூடத்துப் பேரையும் போடச் சொல்றேன் டீச்சர்,” என்றாள் அம்மணி.

ஏரியில் வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். எந்தெந்த நாள் பிடிப்பு எந்த வீட்டுக்கு என்று வருஷத்துக்கு ஒருதரம் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்கு ஊர்த் தலைவர் வேதாசலம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

“பாடு கண்ணாலம் கட்டின குடும்பத்துக்குத்தாம்மே,” என்றார் வேதாசலம், கோயில் முன்னால் கூடின ஊர்க் கூட்டத்தில். “உன் பள்ளிக்கூடத்துக்கு எப்போ கண்ணாலம் ஆச்சு?”

ஆம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“நூத்தியிருவது புள்ளைங்கள வச்சிக்கினு கீது. இன்னும் கண்ணாலம் ஆவலன்னா ஊரு இன்னா பேசும் மாமா?”

இந்தத் தடவை பெண்கள் சிரித்தார்கள்.

“சரி, வலை போட ஆம்பளைக்கு எங்க போவ?”

“புருஷன் இல்லாத முனியம்மா வூட்டுக்குப் பாடு உண்டு இல்ல? வேற ஆளு வலை போட்டு பாதி குடுக்கறான் இல்ல? பள்ளிக்கூடமும் அப்படி ஒரு வூடுதான்.”

வழக்கம் அவர்களுடையதுதான். வேதாசலம் தாடையைச் சொறிந்தார்.

“சரி, குடுக்கறோம். ஆனா நம்ம பாடு காசுல நம்ம சங்கதிய மட்டுந்தான் சொல்லித்தரணும். மசூதிக் கல்லு, வெள்ளக்காரன் கல்லறை எல்லாம் வாணாம்.”

“கெடைச்சது போதும், ஒத்துக்கமே,” என்று பால்ராஜ் பின்னாலிருந்து முந்தானையை இழுத்தான்.

அம்மணிக்கும் ஒரு நொடி நாக்கு நுனிவரை ‘சரி’ வந்துவிட்டது. ஆனால் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் டவுனில் மசூதிப் பக்கத்துப் பிள்ளைகள். இதெல்லாம் ஒரு படமா என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? அவளால் முடியாது.

“நீ கட்டிக்கினு கீறியே கட்டம் போட்ட லுங்கி, அந்த மாதிரி துணி இந்த ஊருலேருந்துதான் கப்பல் ஏறிப் போச்சாம் மாமா. நெசவாளி நெய்தான், மரைக்காயரு வித்தாரு, வெள்ளக்காரன் வாங்கினான், நம்மாளு படகுல ஏத்தினான். இதுல நம்ம சங்கதி எது, அவங்க சங்கதி எதுன்னு பிரிச்சிக் காட்டு. நம்மளுத மட்டும் கட்டிக்கினு, மிச்சத்த இங்கியே அவுத்து வச்சிட்டு வூட்டுக்குப் போ!”

வேதாசலத்தின் கை தன்னாலே இடுப்பு முடிச்சுக்குப் போனது. அதைப் பார்த்துக் கூட்டம் போட்ட சத்தத்தில் கோயில் புறா எல்லாம் பறந்தது. கடைசியில் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

“சீட்டுல பேரை எழுதுங்கடா. இவ மானத்த வாங்கிடுவா.”

பள்ளிக்கூடத்துக்கு விழுந்தது பதினேழாவது சீட்டு; பதினாறு வீட்டுக்கு அப்புறந்தான் முறை. பெரிய அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முறை வந்த காலையிலெல்லாம் பால்ராஜும் கூட்டாளிகளும் கொண்டுவந்த எறாலைப் பெண்கள் பங்கு போட்டுச் சுமந்து, கூலி இல்லாமல் விற்றுக் கொடுத்தார்கள். விஷயம் டவுனுக்குப் போனதும், கடைக்காரர்கள் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டும் வேன் செலவு எங்களுடையது என்று வந்து நின்றார்கள். ஜூனில் நஸ்ரியா டீச்சர் பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

இப்போது அந்த வகுப்புச் சுவரில், மீனுக்கும் மசூதிக் கல்லுக்கும் நடுவில், கட்டம் போட்ட பழைய லுங்கி ஒன்று தொங்குகிறது. துவைத்து மடித்து வேதாசலமே கொண்டுவந்து கொடுத்தது. கீழே அவர் பேரும் உண்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்.

“கோணலா மாட்டிக்கீறாங்கம்மே,” என்றார் ஒருநாள்.

“அடுத்த வருசமும் பாடு குடு மாமா,” என்றாள் அம்மணி, “நேரா மாட்டச் சொல்றேன்.”