கேசட் தீர்ந்த இடம்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஜாஸ் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து துடியலூரில் ஒருவன், அது நான். பீளமேட்டில் ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். எங்கள் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாமே நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்குப் போனவன். கிணற்று மோட்டார், மில் மோட்டார், மாவரைக்கிற மோட்டார் என்று எரிந்துபோனது எதுவானாலும் எங்களிடம் வரும். ஒருநாள் மில்காரர் ஒருவர் வீட்டிலிருந்து பழைய ரேடியோகிராம் வந்தது. மோட்டாரைக் கட்டி மாட்டிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்க, உள்ளேயே கிடந்த ரெக்கார்டின் மேல் முள்ளை வைத்தேன். ட்ரம்பெட் ஒன்று கிளம்பியது. வாசித்தது என்பதைவிட, யாரிடமோ நியாயம் கேட்டது என்று சொல்லலாம். மோட்டார் நன்றாக இருப்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு பக்கமும் ஓட்டித்தான் நிறுத்தினேன். பெட்டியை எடுக்க வந்த மில்காரர், "அந்தத் தட்டு எதுக்குங்க எனக்கு, நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் சேகரிப்பில் முதல் ரெக்கார்டு அது.

எனக்குப் பயந்த சுபாவம். ரெக்கார்டு சேர்க்கிறவனுக்குப் பயம் கூடப்பிறந்ததாக இருப்பது நல்லது என்பது என் கட்சி. ஆடிக்காற்றில் தூசி, ஐப்பசியில் பூஞ்சணம், சித்திரையில் ஓட்டு வெயில் என்று மாதத்துக்கு ஒரு கவலை இருக்கும். படுக்க வைத்தால் வளைந்துவிடும் என்று எல்லாவற்றையும் நிறுத்திவைப்பேன், நிறுத்தினால் சாய்ந்துவிடுமோ என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். சாயங்காலம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மோட்டார் போட்டார்களானால் வோல்டேஜ் இறங்கும். தட்டு மெதுவாகச் சுற்றி, ட்ரம்பெட்டுக்கு ஒரே நிமிடத்தில் வயதாகிவிடும். அதற்காக ஸ்டெபிலைசர் வாங்கினேன். ஊரில் ஃபிரிட்ஜ் வாங்கிய பிறகு ஸ்டெபிலைசர் வாங்குவார்கள், எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாமலே வந்துவிட்டது.

"பாலு கெட்டுப்போகுது, தோசை மாவு பொங்கிப்போகுது. இந்த ஊட்டுல கெடாம இருக்கறது உங்க பாட்டு ஒண்ணுதானுங்க" என்பாள் என் மனைவி.

கல்யாணமான புதிதில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அரைப் பக்கம் ஓடிய பிறகு மெதுவாகக் கேட்பாள்: "ஏனுங்க, எப்பப் பாடுவாங்க?" பாட மாட்டார்கள், இவ்வளவுதான் என்று சொன்னால் நம்பவில்லை. நான்தான் பாடுகிற பக்கத்தைத் தேய்த்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டாள்.

அட்டையில் உள்ள இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பெயர்கள் வாயில் நிற்காததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ட்ரம்பெட்டின் வாயை மூடி வாசித்தவர் ஜலதோஷக்காரர். பெரிய தடிக்கம்பி வாத்தியத்தில் ஓயாமல் நடை போட்டவர் நடைக்காரர். பீளமேட்டுக்காரர் அசல் பெயர்களைச் சொல்வார், நான் இந்தப் பெயர்களைச் சொல்வேன். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் எங்களுக்குள் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அவர் எனக்கு ஒரு கேசட் பதிந்து கொடுத்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பியதன் நகல். அதில் கடைசியாக வரும் வாசிப்பில் ஜலதோஷக்காரர் படிப்படியாக மேலே ஏறுவார், ஏறுவார், இதற்குமேல் மூச்சு கிடையாது என்கிற இடத்தில் சட்டென்று விட்டுவிடுவார். நடைக்காரர் மட்டும் தனியாக நாலடி எடுத்துவைப்பார். டக். கேசட் தீர்ந்துவிடும். அனுப்பியவர் ரெக்கார்டிலிருந்து பதியும்போதே நாடா போதவில்லை. பிறகு அந்த நடைக்காரர் எங்கே போனார் என்று எனக்கும் தெரியாது, பீளமேட்டுக்காரருக்கும் தெரியாது. காயில் சுற்றும்போதெல்லாம் மனதுக்குள் நானாக ஒரு முடிவு போட்டுப் பார்ப்பேன். மறுநாள் அது பிடிக்காது.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் பழைய ரெக்கார்டு கிடந்தால் எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து மோட்டார் கொண்டுவரும் டிரைவர் ஒருவர், பங்களாவை ஒழித்தபோது சில ரெக்கார்டுகள் கிடைத்ததாகச் சொன்னார். செல் அரித்தது போக ஒன்றுதான் தேறியதாம். சிவப்பு அட்டை, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறான் என்றார். சுற்றிக்கொண்டிருந்த காயிலைக் கீழே வைத்தேன். கேசட்டில் பதிந்திருந்த ரெக்கார்டின் அட்டை அப்படித்தான் இருக்கும் என்று பீளமேட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

ஆனைமலையில் என் மனைவியின் அண்ணன் புது வீடு கட்டியிருந்தார். புதுமனைப் புண்ணியார்ச்சனைக்குப் போகிற அன்று காலையில், மலையிறங்கி வந்த டிரைவர் பஸ் ஸ்டாண்டில் வைத்து ரெக்கார்டை என் கையில் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அதுவேதான். செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். குடமும் தட்டும் தூக்கிக்கொண்டு நின்ற மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

மச்சான் பெரிய தென்னந்தோப்புக்காரர், சத்தமாகப் பேசுகிறவர். ஜாஸ் என்ற சொல் அவருக்குப் பிடிபடவேயில்லை. என்னைக் கண்டதும், "வாங்க மாப்ள! உங்க ஜாஸ்திப் பாட்டெல்லாம் சௌக்கியங்களா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அது எப்போதும் நடப்பதுதான். நான் மறுமொழி சொல்வதற்குள் அவருடைய பெரியம்மா என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சதுரமாக, தட்டையாக இருந்ததால் சுவர்க் கடிகாரம் என்று நினைத்துவிட்டார். அந்தக் காலத்தில் புது வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடிகாரம்தான் கொண்டுவருவார்கள்.

நான் பின்னாலேயே ஓடினேன். சாமி அறையில் கடிகாரங்களுக்கு நடுவே அதைச் சாய்த்துவைத்து, மேலே ஒரு பித்தளை அண்டாவை வேறு ஏற்றப் பார்த்தார்கள்.

"அத்தை, அது கடியாரம் இல்லீங்க" என்றேன்.

"பின்ன என்ன சாமி, சாமி படமா?" என்று அவர் தாளைப் பிரித்தேவிட்டார். எட்டிப் பார்த்த மச்சான், "அட, ஜாஸ்தி!" என்று கத்தினார்.

அந்த நேரம் பார்த்து வெளியே மைக் செட் நின்றது. டேப் ரிக்கார்டர் நாடாவைச் சுற்றித் தின்றுவிட்டது. பால் காய்ச்சி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கிக் குழாய் நின்றதும், வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மைக் செட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவர், ஊக்கு என்று எதையெதையோ வைத்துக் குடைந்தும் பயனில்லை. பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருக்கிறது, முதலில் போடுகிற பிள்ளையார் பாட்டை மட்டும் ராசிக்காக இன்னமும் அதில்தான் போடுகிறேன், வேறு ரெக்கார்டு கைவசம் இல்லை என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். சத்தத்தைக் குறைத்து, "மாப்ள, உங்கள்து போடலாங்களா?" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நான் போய் அந்தப் பிளேயரைப் பார்த்தேன். முள் மழுங்கி ஆணிபோல் இருந்தது. அது தாவாமல் இருக்க அதன் தலையில் ஒரு நாலணாக் காசை வேறு ஒட்டியிருந்தார்கள். நான் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்காத ரெக்கார்டு. இந்த முள் ஏறினால் உழவு ஓட்டின மாதிரி ஆகிவிடும்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அது என்ன ரெக்கார்டு என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் தினமும் அந்த 'டக்'கைக் கேட்டவள். "உங்களுக்கு மனசு இல்லீன்னா குடுக்க வேண்டாங்க. அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். கொடுத்தேன்.

கொடுக்கும்போதும் ஒரு கணக்குப் போட்டேன். முதல் பக்கத்தைப் போடச் சொல்லிவிட்டு, அந்தக் கடைசி வாசிப்பைக் காப்பாற்றிவிடலாம். உடனே என் பயம் வேறு பக்கம் திரும்பியது. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் யாராவது இதன்மேல் உட்கார்ந்துவிட்டால்? என் மடியிலேயே உடைந்துபோனால்? கேட்காமலே போய்விடுமே! "கடைசிப் பாட்டுல வைங்க" என்று நானே சொன்னேன்.

தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து ஜலதோஷக்காரர் கிளம்பினார். எல்லாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். பிறகு பந்தியில் ஒரு பெரியவர், "இதென்னப்பா, எழவூட்டு பேண்டு செட்டாட்ட இருக்குது" என்றார்.

"ஏனுங் மாமா, எழவுக்கு இத்தன குஷியா ஊதுவாங்களா? பேசாமச் சாப்புடுங்க" என்று மச்சான் அடக்கினார்.

பெரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னுமா தொண்டையைச் செருமிக்கிட்டு இருக்கறாங்க? எப்பத்தான் பாடுவாங்க?"

"மொதப் பந்தி எந்திரிக்கட்டும், அப்பறம் பாடுவாங்க" என்றார் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்.

"அவிய பாட மாட்டாங்க பெரியம்மா. அந்தக் கருவிதான் பாடுது, சித்தெ கேளுங்க" என்றாள் என் மனைவி. சொன்னது வேறு யாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள்தான்.

ட்ரம்பெட் ஏறியது. உச்சியில் விட்டது. நடைக்காரர் தனியாக இறங்கினார். நாலடி. எனக்குள் டக் என்று கேட்டது. குழாயில் அவர் நடந்துகொண்டே இருந்தார். அவசரமில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன்போல, நடை தளர்ந்து, தளர்ந்து, வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் ஒரு தட்டு. அவ்வளவுதான். பிறகு, அங்கே வாசித்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். வயிறு குலுங்குகிற சிரிப்பு. அதையும் சேர்த்தே பதிந்துவிட்டிருந்தார்கள்.

தென்னை மரம் சிரித்ததுபோல் இருந்தது. ஒரு நொடி எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். "பாடச் சொன்னாச் சிரிக்கறான் பாரு!" என்றார் பெரியம்மா. பந்தியே வெடித்துச் சிரித்தது. ரசம் ஊற்றுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மாப்ள, அந்தாளு எதுக்குங்க சிரிச்சான்?"

"தெரியலீங்க மச்சான். நானும் இப்பத்தான் கேக்கறேன்."

"அடுத்த பந்திக்கும் போடுங்க. அவிகளும் கேக்கோணுமில்ல."

அடுத்த பந்திக்கும் ஓடியது, அதற்கடுத்த பந்திக்கும் ஓடியது. சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவிவிட்டுப் போகாமல் அந்தச் சிரிப்புக்காகவே நின்றார்கள். ஒவ்வொரு தடவை நாலணாவோடு முள் இறங்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனாலும் எழுந்துபோய் நிறுத்தவில்லை. மச்சான் புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் கூட்டிவந்து, "நம்ம மாப்ளதுங்க, துடியலூர்லருந்து கொண்டாந்திருக்காரு" என்று என்னைக் காட்டினார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டுக்காரர் வந்தார். அந்தக் கடைசி வாசிப்பை வைத்துக்காட்டினேன். சிரிப்பு வந்ததும் அவரும் சிரித்துவிட்டார். பிறகு ரெக்கார்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மற்ற வாசிப்புகள் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, கடைசி வாசிப்பு மட்டும் வெளுத்துத் தேய்ந்திருந்தது.

"அடடா, யாருங்க இப்படிப் பண்ணுனது? இத்தன நாள் தேடுனதாச்சே. வீணாப் போச்சுங்களே" என்றார்.

"வீணாப் போகலீங்க" என்றேன். "ஆனமலையே கேட்டுச்சுங்க."

பிறகொரு வருஷம் அவர் வெளிநாட்டிலிருந்து அதே ரெக்கார்டைக் கீறல் இல்லாமல் வரவழைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா, வாங்கிக்கொண்டேன். உறை போட்டு, நிறுத்திவைத்து, சாயாமல் பார்த்துக்கொள்கிறேன். கேட்கத் தோன்றினால் கை போவது தேய்ந்ததற்குத்தான்.